கண்ணை மட்டும் விட்டுவிட்டு

“கண்ணை மட்டும் விட்டுட்டு மத்த இடத்துல தோலை உரிச்சிடுங்க வாத்தியாரே.” பையனைப் பள்ளியில் சேர்க்க வரும் அப்பாக்கள் சொல்லும் வசனம் இது. சேலம் மாவட்டத்தில் நான் வளர்ந்த ஊரில் இதைப் பெருமையோடுதான் சொல்வார்கள். சொல்பவர் கொடுமைக்காரர் அல்ல. பிள்ளை படித்து ஆளாக வேண்டும் என்கிற ஆசையில், அடிக்கிற உரிமையைத் தன் கையிலிருந்து வாத்தியார் கைக்கு மாற்றிக் கொடுக்கிறார். ஒரே ஒரு நிபந்தனை வைக்கிறார்: கண்.

1995-இல் அந்த நிபந்தனையும் மீறப்பட்டது. சேர்வராயன் மலைக்கு மேற்கே, ஓமலூர் வட்டாரத்துக் கட்டிநாயக்கன்பட்டியில், தொடக்கப் பள்ளியில் படித்த ஒரு தலித் சிறுமிக்குத் தாகம் எடுத்தது. மற்ற சாதிப் பிள்ளைகளுக்கென்று வைத்திருந்த பானையில் தண்ணீர் எடுத்துக் குடித்தாள். ஆசிரியர் அடித்தார். ஒரு கண்ணில் பார்வை போயிற்று. செய்தி வெளியே வந்து மாநிலம் முழுக்கப் பேசப்பட்டது. அந்தப் பெண்ணின் பெயரை இங்கே எழுதவில்லை. அப்போது ஊர் ஊராக அவள் பெயரைச் சொன்னார்கள். அவள் மேல் பட்ட கம்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டவர்கள் குறைவு. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைத்தான் கேட்கிறது.

அந்தக் கம்பு அன்று காலையில் ஒடித்த கம்பு அல்ல. நம்முடைய திண்ணைப் பள்ளிகளில் ‘கோதண்டம்’ என்றொரு தண்டனை இருந்தது. உத்தரத்தில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு பையன் தொங்க வேண்டும். காலைக் கீழே வைத்தால் அடி. வாத்தியார் இல்லாத நேரத்தில் மற்றப் பையன்களை அடக்கிவைக்கச் சட்டாம்பிள்ளை இருந்தான். ஒரு பிள்ளையைக் கொண்டு இன்னொரு பிள்ளையை அடக்கும் வித்தை அவ்வளவு பழையது. அந்தத் திண்ணையில் பெண்பிள்ளைகள் பெரும்பாலும் இல்லை. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் திண்ணைக்கு அருகிலேயே வர முடியாது. அடி வாங்குவதே அன்றைக்குச் சிலருக்கு மட்டும் கிடைத்த சலுகை என்று சொன்னால் விபரீதமாகத் தோன்றும். ஆனால் வரலாறு அப்படித்தான் இருந்தது.

பிறகு ஆங்கிலேயர் காலத்துச் சட்டம் வந்தது. 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் 89-ஆவது பிரிவு, 12 வயதுக்குட்பட்ட குழந்தையின் நன்மைக்காக, பாதுகாவலரோ அவருடைய சம்மதத்தோடு வேறொருவரோ ‘நல்லெண்ணத்தோடு’ செய்யும் செயல் குற்றமாகாது என்றது. அடித்த ஆசிரியர்களுக்கு நீதிமன்றங்களில் நெடுங்காலம் குடையாக இருந்தது இந்த ‘நல்லெண்ணம்’. தமிழ்நாடு கல்வி விதிகளின் 51-ஆவது விதி இன்னும் நுணுக்கமானது. வேண்டுமென்றே பொய் சொல்வது, ஆபாசமாகப் பேசுவது அல்லது நடப்பது, அப்பட்டமாகக் கீழ்ப்படிய மறுப்பது போன்ற ஒழுக்கக் கேடுகளுக்கு மட்டும் அடிக்கலாம். கையில் 6 அடிக்கு மேல் கூடாது. தலைமை ஆசிரியரே அடிக்க வேண்டும் அல்லது அவர் மேற்பார்வையில் அடிக்க வேண்டும். அப்பாவின் ‘கண்ணை மட்டும் விட்டுட்டு’ என்பதற்கும் அரசாங்கத்தின் ‘கையில் மட்டும் 6’ என்பதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டும் அடியை ஏற்றுக்கொண்டு அளவைப் பேசுகின்றன. தண்ணீர் குடித்தது ஒழுக்கக் கேடா என்று எந்த விதியும் சொல்லவில்லை. அதைச் சாதி சொல்லியது.

பெண்கள் பள்ளிக்குள் வந்தபோது வன்முறை வேறு உருவம் எடுத்தது. 1848-இல் புணேயில் பெண்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லப் போன சாவித்திரிபாய் புலே மேல் சாணியும் கல்லும் எறிந்தார்கள். நம் பக்கத்தில் கல்லெறியாமலே காரியம் நடந்தது. “பொம்பளப் புள்ளைக்கு ஒண்ணு ஆயிடுச்சுன்னா?” என்கிற ஒரு கேள்வி போதும். பையனைச் சேர்க்கும்போது தோலை உரிக்கச் சொன்ன அதே அப்பா, மகளைச் சேர்க்கும்போது குரலைத் தாழ்த்தி, “பொம்பளப் புள்ள, பாத்துக்கங்க” என்பார். அந்தப் ‘பாத்துக்கங்க’ என்பதற்குள் என்ன இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். பையன் மேல் விழும் அடியைப் பற்றி ஊர் சிரித்துப் பேசும். பெண்ணுக்கு நேர்வதைப் பற்றி ஊர் பேசாது. ஆகவே அது பதிவேட்டிலும் ஏறாது.

இதை நான் புரிந்துகொண்டது சேர்வராயன் மலையில்தான். மகளிர் குழு ஒன்றின் சார்பில், படிப்பை நிறுத்திய பெண்பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய், ஏன் நிறுத்தினார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளும் வேலை. ஆனால் அதைச் சொல்வதற்கு முன், இந்த மலைக்குப் பள்ளிக்கூடம் எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும்.

1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டில் காப்பிச் செடியைக் கொண்டுவந்து வைத்தார் என்பார்கள். அதன்பின் காப்பித் தோட்டங்களும் பங்களாக்களும் பெருகின. சமவெளியின் வெயில் தாங்காத வெள்ளைக்காரக் குடும்பங்கள் மலையேறின. மலைக்குளிரில் பிள்ளைகளைத் தங்கிப் படிக்கவைக்கும் பள்ளிகள் ஊட்டி, கொடைக்கானல் போலவே இங்கும் தோன்றின. க்ளூனி புனித சூசையப்பர் சபைக் கன்னியர் நடத்தும் சேக்ரட் ஹார்ட் பள்ளி 1894-இல் தொடங்கியது. மான்ட்ஃபோர்ட் பள்ளி 1917-இல் வந்தது. இன்றும் ஏற்காடு என்றால் ஏரிக்கும் காப்பிக்கும் அடுத்தபடியாக வெளியூர்க்காரர்கள் சொல்வது போர்டிங் பள்ளிகளைத்தான்.

ஆனால் இந்த மலை அதற்கு முன்பே மலையாளிப் பழங்குடி மக்களின் மலை. கேரளத்து மலையாளிகளோடு இவர்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இவர்கள் மலையை ஆள்பவர்கள், தமிழ் பேசுபவர்கள், சேர்வராயன் கோயிலுக்கு உரியவர்கள். தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் எண்ணிக்கையில் முதலிடம் இவர்களுக்குத்தான். 2011 கணக்கெடுப்பில் 3 லட்சத்து 57 ஆயிரத்துக்கு மேல். மலையில் முதல் பெரிய பள்ளிகள் எழுந்தபோது இவர்கள் தோட்டத்தில் கூலிக்குப் பழம் பறித்துக்கொண்டிருந்தார்கள். பள்ளி இவர்களுடைய மலைமேல்தான் இருந்தது. இவர்களுக்காக இருக்கவில்லை. 2011-இல் தமிழ்நாட்டின் பெண் எழுத்தறிவு 73 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. பழங்குடிப் பெண்களிடையே அது 47 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. இரண்டு எண்ணுக்கும் நடுவில் இருக்கிற பள்ளத்தில் ஒரு நூற்றாண்டுக் கதை கிடக்கிறது.

சுதந்திரத்துக்குப் பிறகு அரசு மலைக்கிராமப் பிள்ளைகளுக்காகப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளைத் திறந்தது. 2004-இல் மத்திய அரசு பெண்பிள்ளைகளுக்கென்றே கஸ்தூரிபா காந்தி பாலிகா வித்யாலயா என்ற உறைவிடப் பள்ளித் திட்டத்தைத் தொடங்கியது. இவை இல்லையென்றால் மலையில் பல பெண்கள் எழுத்தையே பார்த்திருக்க மாட்டார்கள். மூன்று வேளைச் சோறும், சீருடையும், படுக்க இடமும் சின்ன விஷயம் இல்லை. அதே நேரத்தில், வெள்ளைக்காரர் பிள்ளைகளுக்கென்று உண்டான ஒரு வடிவம் பழங்குடிப் பிள்ளைக்கும் வந்து சேர்ந்ததை நாம் கவனிக்க வேண்டும். அதுதான் பள்ளியும் வீடும் ஒரே சுவருக்குள் இருக்கும் வடிவம்.

வீட்டிலிருந்து போய்வரும் பிள்ளைக்கு மாலை 4 மணிக்கு மணி அடிக்கிறது. அன்றைக்கு என்ன நடந்திருந்தாலும் வீட்டுக்குப் போய் அம்மாவின் முகத்தைப் பார்ப்பாள். அம்மாவும் அவள் முகத்தைப் பார்ப்பாள். தங்கிப் படிக்கும் பிள்ளைக்கு அந்த மணி இல்லை. அடித்தவரும், சோறு போடுபவரும், காய்ச்சலுக்கு மாத்திரை தருபவரும், ஊருக்குப் போக அனுமதி தருபவரும் ஒரே கூட்டம். யாரிடம் போய் யாரைப் பற்றிச் சொல்வது? பணக்காரப் பிள்ளை என்றால் அப்பா கார் எடுத்துக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவையும் ஏறி வருவார். பழங்குடிப் பிள்ளையின் அம்மா வர வேண்டுமென்றால் ஒரு நாள் கூலியை விட வேண்டும். ஜீப்புக்கோ பஸ்ஸுக்கோ காத்திருக்க வேண்டும். தூரம் மட்டும் வன்முறை ஆகாது. ஆனால் வன்முறை செய்ய நினைப்பவருக்குத் தூரம் போல உதவி வேறில்லை.

இனி அந்த வீடுகளுக்கு வருகிறேன். நான் கையில் கொண்டுபோன தாளில் எல்லாப் பெயருக்கும் எதிரே காரணம் ஏற்கெனவே எழுதியிருந்தது. ‘குடும்பச் சூழல்.’ ‘படிப்பில் நாட்டமின்மை.’ ‘திருமணம்.’ எமிஸ் கணக்கில் இவர்கள் பெயர் ‘காமன் பூலுக்கு’ப் போய்விட்டது. ஒரு வீட்டில் காப்பிக்கொட்டை காயவைத்துக்கொண்டிருந்த அம்மா, நான் அந்தக் காரணத்தை வாசித்துக் காட்டியதும் கையை நிறுத்தினார்.

“பள்ளிக்கோடத்துல என்ன எழுதிக்கிட்டாங்கன்னு எனக்குத் தெரியாதுங்க. பொங்கலுக்கு வந்த புள்ள ‘இனிப் போவ மாட்டேன்’னுச்சு. ஏன் சாமின்னு கேட்டேன். அழுவுச்சு. அதுக்கு மேல நான் கேக்கல. கேட்டுட்டா அவங்கப்பாவுக்குச் சொல்லணும்.”

“கேட்டுட்டா அவங்கப்பாவுக்குச் சொல்லணும்” என்பதை அன்றைக்கு அப்படியே எழுதிக்கொண்டேன். அந்த அம்மாவுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துவிட்டால் அடுத்து என்ன நடக்கும் என்பது தெரிந்திருந்தது. மகளுக்கு நேர்ந்தது மகளின் மேல் பழியாக வந்து விழும். அவசரமாக மாப்பிள்ளை பார்ப்பார்கள். அல்லது தங்கையின் படிப்பும் நிற்கும். ஆகவே கேட்காமல் இருந்தார். அது கோழைத்தனம் இல்லை. தன்னால் முடிந்த ஒரே பாதுகாப்பு அது என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். அந்தப் பெண்ணுக்கு என்ன நேர்ந்தது என்று எனக்கும் அவள் சொல்லவில்லை. சொல்லவேண்டிய கட்டாயமும் அவளுக்கு இல்லை.

இப்படித்தான் பள்ளி வன்முறை நம் கணக்கில் ‘இடைநிற்றல்’ ஆகிவிடுகிறது. அடியோ, சீண்டலோ, சாதிப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதோ, தீட்டு நாட்களில் ஒதுக்குவதோ எதுவானாலும் கடைசியில் போய்ச் சேரும் கட்டம் ஒன்றுதான். அதன்பின் அதே பெண் குழந்தைத் திருமணக் கணக்கிலும், இளவயதுப் பிரசவக் கணக்கிலும், தோட்டக் கூலிக் கணக்கிலும் வருவாள். ஒவ்வொரு துறையும் தன் கணக்கை மட்டும் பார்த்து ‘விழிப்புணர்வு போதவில்லை’ என்று எழுதும். பள்ளிக்கு அனுப்பாதது பெற்றோரின் அறியாமை என்பார்கள். பள்ளியைப் பற்றி நன்றாக அறிந்ததால்தான் அனுப்பவில்லை என்கிற சாத்தியத்தை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

வராத பிள்ளையைத் தேடிப்போனால் உண்மை வெளியே வரும் என்பதற்கும் சான்று உண்டு. 2025 பிப்ரவரியில், பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில், அரசு நடுநிலைப் பள்ளி ஒன்றில் படித்த 13 வயது மாணவியைப் பாலியல் வன்கொடுமை செய்ததாக அதே பள்ளியின் 3 ஆசிரியர்கள் கைது செய்யப்பட்டார்கள். அது வெளியே தெரிந்தது எப்படி? அவள் வாரக்கணக்கில் பள்ளிக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று தலைமை ஆசிரியர் விசாரித்தபோதுதான் தாய் சொன்னார். அவள் இல்லாத இருக்கையே அவளுடைய முதல் வாக்குமூலம். அதை ஒருவர் படித்தார். ‘படிப்பில் நாட்டமின்மை’ என்று எழுதி மூடியிருந்தால் அந்த 3 பேரும் மறுநாளும் வகுப்பெடுத்திருப்பார்கள்.

பிள்ளைகளே பிள்ளைகளை வெட்டும் காலம் இது, ஆசிரியரை மட்டும் குறை சொல்லலாமா என்று கேட்பார்கள். கேட்கட்டும். 2023 ஆகஸ்ட் 9 அன்று திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில், 12-ஆம் வகுப்பு படித்த தலித் மாணவனை அவனோடு படித்த மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். சாதியைச் சொல்லித் துன்புறுத்தியதைப் பள்ளியில் சொன்னதுதான் அவன் செய்த ‘குற்றம்’. தடுக்கப் பாய்ந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. நாங்குநேரியைப் பற்றிப் பேசும்போது அந்தத் தங்கையை ஒரு வரியில் கடந்துவிடுகிறோம். அவளும் பள்ளி மாணவிதான். பள்ளியில் முளைத்த வன்முறை பள்ளிச் சுவரைத் தாண்டி வீட்டுக்குள் வந்தபோது அதன் எதிரே நின்றவள் ஒரு பெண்பிள்ளை.

அதன்பின் தமிழ்நாடு அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் வந்த அறிக்கை, பள்ளிப் பெயர்களில் சாதி இருக்கக் கூடாது, வருகைப் பதிவேட்டில் சாதி இருக்கக் கூடாது, கையில் வண்ணக் கயிறு கூடாது, அகர வரிசைப்படி உட்காரவைக்க வேண்டும், பெரிய பள்ளிகளில் நல அலுவலர் வேண்டும் என்றெல்லாம் பரிந்துரைத்தது. கயிறு பற்றி மட்டும் ஊடகங்கள் சண்டை போட்டன. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. பிள்ளை புகார் சொன்ன பிறகு அந்தப் புகார் யார் காதுக்குப் போகிறது, சொன்ன பிள்ளைக்கு அன்று இரவு யார் காவல் என்பதுதான் நாங்குநேரி கேட்ட கேள்வி. சட்டாம்பிள்ளை காலத்திலிருந்து நம் பள்ளி ஒரு பிள்ளையின் கையில் அதிகாரத்தைக் கொடுத்துப் பழகியிருக்கிறது. அந்தக் கை எந்தச் சாதியின் கை, ஆணின் கையா என்று பார்த்துப் பழகவில்லை.

பெண்ணின் உடம்பையே குற்றமாக்கும் பழக்கமும் ஒழியவில்லை. 2025 ஏப்ரலில் கோவை மாவட்டத்துத் தனியார் பள்ளி ஒன்றில், மாதவிடாய் வந்த 8-ஆம் வகுப்புத் தலித் மாணவியை வகுப்பறைக்கு வெளியே படிக்கட்டில் உட்காரவைத்துத் தேர்வெழுத வைத்தார்கள். 1995-இன் பானையும் 2025-இன் படிக்கட்டும் ஒரே வீட்டுச் சாமான்கள்தான். அந்த வீட்டின் பெயர் தீட்டு.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 51-ஆவது விதியை 2003-இல் திருத்தி, பிள்ளைகளுக்கு உடல் வலியோ மனவலியோ தரும் தண்டனைகளைத் தமிழ்நாடு தடை செய்தது. கல்வி உரிமைச் சட்டம், 2009-இன் 17-ஆவது பிரிவு நாடு முழுவதற்கும் அதைச் சொன்னது. 2012-இல் போக்சோ வந்தது. குற்றம் நடந்தது தெரிந்தும் காவல் துறைக்குச் சொல்லாமல் இருப்பதே தண்டனைக்குரியது என்று அது சொல்கிறது. பள்ளியின் நற்பெயருக்காக மூடிமறைப்பவருக்கும் இது பொருந்தும். ஆனால் சட்டம் வந்தபின்னும் பிரம்பு ஓய்ந்ததா? தேசியக் குழந்தை உரிமைகள் பாதுகாப்பு ஆணையம் 2009-10-இல் 7 மாநிலங்களில் 6,632 மாணவர்களிடம் கேட்டது. எந்தத் தண்டனையும் வாங்கியதில்லை என்று சொன்னவர்கள் 9 பேர். அந்த ஆணையத்தின் வழிகாட்டுதல்களை நடைமுறைப்படுத்துங்கள் என்று 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாடு அரசுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

நான் பார்த்த மலைக்கிராமங்களை மனதில் வைத்துச் சில யோசனைகளைச் சொல்கிறேன். இவற்றுக்குப் புதுச் சட்டம் வேண்டாம்.

முதலில், தொடர்ந்து 3 நாள் வராத பெண்பிள்ளையின் வீட்டுக்குப் பள்ளியைச் சாராத ஒரு பெண் போக வேண்டும். அங்கன்வாடி ஊழியராகவோ, சுய உதவிக் குழுப் பெண்ணாகவோ இருக்கலாம். போகிறவர் காரணம் எழுத வேண்டாம். பிள்ளையைப் பார்த்தால் போதும். விடுமுறை முடிந்து விடுதிக்குத் திரும்பாத பிள்ளைக்கு இது இன்னும் அவசரம். பொங்கலுக்கும் மே மாதத்துக்கும் பின் காலியாகும் இருக்கைகளை யாராவது எண்ண வேண்டும்.

இரண்டாவது, புகார்ப் பெட்டியின் சாவி. அரசுப் பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ பெட்டி வைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. அந்தப் பெட்டியைத் திறப்பவர் யார்? யாரைப் பற்றி எழுதினாளோ அவரே திறக்கக்கூடும் என்ற பயம் இருந்தால் எந்தப் பிள்ளை எழுதுவாள்? சுவரில் 1098, 14417 என்று எண் எழுதியிருக்கிறது. விடுதியில் யாரையும் கேட்காமல் அந்த எண்ணுக்குப் பேச ஒரு போனும், அதற்கு ஒரு கதவடைத்த மூலையும் வேண்டும்.

மூன்றாவது, பள்ளி மேலாண்மைக் குழு. கல்வி உரிமைச் சட்டப்படி அதில் நாலில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். உறைவிடப் பள்ளியில் படிக்கும் பிள்ளையின் அம்மா பல மைல் தள்ளித் தோட்டத்தில் இருக்கிறார். கூட்டம் வேலை நாளில் பள்ளியில் நடக்கிறது. வருடத்தில் இரண்டு கூட்டமாவது ஊரில், வேலை முடிந்த மாலையில் நடக்கட்டும். ஆசிரியர்கள் மலையேறி வரட்டும். அம்மாக்கள் தங்கள் சொந்தத் திண்ணையில் உட்கார்ந்து கேட்கிற கேள்வி வேறாக இருக்கும்.

நான்காவது, பிள்ளைகளோடு பேச்சு. மாதவிடாய், தொடுதல், சாதி, ‘வேண்டாம்’ என்று சொல்வது ஆகிய எல்லாவற்றையும் பெண்பிள்ளைகளிடம் மட்டும் பேசிவிட்டு நிறுத்திவிடுகிறோம். பையன்களை அப்போது மைதானத்துக்கு அனுப்பிவிடுகிறோம். ஆண்பிள்ளையை அடித்து வளர்த்தால்தான் ஆம்பளை ஆவான் என்ற நம்பிக்கையைக் கைவிடாமல், அவன் நாளைக்கு யாரையும் அடிக்கக் கூடாது என்று எதிர்பார்ப்பதில் நியாயம் இல்லை. தோலை உரிக்கச் சொல்லி அனுப்பிய பையன் கற்றுக்கொண்டு வருவது கணக்கை மட்டும் அல்ல.

இதை வாசிக்கும் மாணவிகளில் சிலர் நாளைக்கு ஆசிரியை ஆவீர்கள், விடுதிக் காப்பாளர் ஆவீர்கள், கள ஆய்வுக்கு ஏதாவது ஒரு மலைக்குப் போவீர்கள். உங்கள் கைக்கும் ஒரு பதிவேடு வரும். அதில் ‘காரணம்’ என்ற கட்டம் சின்னதாகத்தான் இருக்கும். ‘குடும்பச் சூழல்’ என்ற இரண்டு சொல் அதில் கச்சிதமாக அடங்கும். எழுதுவதற்கு முன் ஒருமுறை அவள் வீட்டுக்குப் போய்வாருங்கள். அவள் பேசாமல் இருந்தால், ‘இன்னும் பேசவில்லை’ என்று எழுதுங்கள். மறுபடியும் போங்கள்.